தச்சனுக்குத் தெரிந்தது

பழுதான ஒரு பொருளைத் திருத்துவதற்கும் அதன் பழுதை மறைப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம்? பல சமயங்களில் ஒரு பேணி பெயின்ற், அவ்வளவுதான். இரண்டையும் செய்வது ஒரே கைகள், ஒரே தூரிகை, ஏறக்குறைய ஒரே நேரச் செலவு. முடிந்தபின் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது நடந்தது என்பது செய்தவனுக்கு மட்டுமே தெரியும். ஆகவே எங்களுடைய கேள்வி அந்தச் செய்தவனைப் பற்றியது. பழுது இருக்கிறது என்று தெரிந்துகொண்ட தொழிலாளி யாருக்குக் கடமைப்பட்டவன்? கூலி கொடுப்பவருக்கா, அல்லது நாளைக்கு அந்தப் பொருளை நம்பி ஏறப்போகிற, அவன் முகம்கூடக் கண்டிராத இன்னொருவருக்கா?

இது எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வந்த கேள்வி அல்ல. ஒரு படகின் சைலன்சரிலிருந்து வந்தது. புத்தகங்களைப் பிறகுதான் தேடினோம்.

நாங்கள் மூன்று பேர். நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறு பட்டினத்தில், ஒரே றெஸ்ரோரன்ட் குசினியில் வேலை. இருவர் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு வந்தவர்கள். மற்றவர் குருநகர்க்காரர், தகப்பனோடு சேர்ந்து வள்ளங்களுக்குப் பைபர் ஒட்டி வளர்ந்தவர். (பைபர் கிளாஸுக்கும் நோர்வேக்கும் குருநகருக்கும் இடையில் ஒரு பழைய உறவு உண்டு. 1956இல் இந்த நாட்டுக்கு வந்த குருநகர் அன்ரனி இராஜேந்திரம் இங்கே பணம் திரட்டி ஊரில் தொடங்கிய ‘சீநோர்’ நிறுவனம்தான் காரைநகரில் பைபர் கிளாஸ் படகுகள் கட்டியது. எங்கள் நண்பரின் தகப்பன் கையில் இருந்த தொழில் அந்த வழியாக வந்தது. சுற்றிக்கொண்டு அது மறுபடியும் நோர்வேக்கே வந்து சேர்ந்ததை நினைத்து நாங்கள் சிரித்ததுண்டு.)

முதலாளியும் தமிழர். எண்பதுகளில் வந்தவர். வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்று, பிறகு இங்கே இறங்கி, கடனில் றெஸ்ரோரன்ட் எடுத்தவர். அவரிடம் எஞ்சின் உள்ளே பூட்டிய ஒரு பழைய டீசல் படகு இருந்தது. சென்ற ஏப்ரலில் அதை விற்க முடிவெடுத்தார். விற்பதற்கு முன் ஒரு சின்ன வேலை: சைலன்சர் ஒழுகுகிறது, அதை ஒட்டித் தரவேண்டும்.

எங்களூர் வள்ளங்களில் எஞ்சின் பின்னால் வெளியே தொங்கும். புகை அப்படியே தண்ணீருக்குள் போய்விடும். இந்த மாதிரிப் படகில் விசயம் வேறு. எஞ்சின் படகின் வயிற்றுக்குள் இருக்கிறது. பல நூறு பாகை வெப்பமுள்ள புகையை மனிதர் படுத்துறங்கும் அறையைத் தாண்டி வெளியே கொண்டுபோகவேண்டும். அதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. எஞ்சினைக் குளிராக்குவதற்காக உள்ளே இழுத்த கடல் தண்ணீரை, வேலை முடிந்தபின், புகைக்குழாயின் வளைவில் புகையோடு கலந்துவிடுகிறார்கள். புகையின் சூடு சட்டென்று இறங்கிவிடுகிறது. அதன் பிறகு இரும்புக்குழாய் தேவையில்லை. ரப்பர் ஹோஸும் பைபர் கிளாஸ் பெட்டியும் போதும். அந்தப் பெட்டிதான் சைலன்சர். தண்ணீரும் புகையும் அதற்குள் விழுகின்றன. புகையின் அமுக்கம் தண்ணீரை மேலே தள்ளி, பின்பக்கத்தால் வெளியே துப்பிவிடுகிறது. எஞ்சினை நிறுத்தினால் ஹோஸில் மிஞ்சிய தண்ணீர் திரும்பி வந்து பெட்டிக்குள் தங்கும். ஆகவே அந்தப் பெட்டி எப்போதும் கொஞ்சம் உப்புத் தண்ணீரைச் சுமந்துகொண்டேயிருக்கிறது.

எல்லாம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. உறிஞ்சும் வாயைக் கடற்பாசி அடைத்தாலோ, பம்பின் ரப்பர் இம்பெல்லர் கிழிந்தாலோ, சில நிமிடங்களில் காய்ந்த நெருப்புப் புகை நேரே பெட்டிக்குள் போகும். பைபர் கிளாஸ் என்பது இரண்டு பொருள்: கண்ணாடி நூலும், அதை இறுக்கிப் பிடித்திருக்கும் றெசினும். கண்ணாடி எரியாது. றெசின் கருகும். கருகினபின் உள்ளே மிஞ்சுவது பிடிப்பில்லாத துணி. வெளியே வெள்ளைப் பூச்சு, மிஞ்சிப்போனால் கொஞ்சம் மண்ணிறம் தட்டியிருக்கும். இரண்டு கோடைக்கு முன் ஒருநாள் பாசி அடைத்து, எச்சரிக்கை மணி அடிக்க அடிக்கத் துறைக்கு ஓட்டி வந்ததை முதலாளியே எங்களுக்குச் சொன்னார், ஒரு வீரக்கதை போல.

பெட்டியைக் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைத்தோம். ஈரம் அடிப்பக்கம் ஒரு மூலையில் கசிந்தது. அங்கேதான் ஓட்டை என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். குருநகர்க்காரர் தலையை ஆட்டினார். தண்ணீர் வெளியே வருகிற இடம் வேறு, உள்ளே போகிற இடம் வேறு என்றார். புகை நுழைகிற குழாய் பெட்டியோடு சேருமிடத்தில் விரலால் தட்டிக் காட்டினார். மற்ற இடமெல்லாம் ‘டக்’ என்றது. அங்கே ‘பொத்’ என்றது. உள்ளே படைகள் பிரிந்துவிட்டன. தண்ணீர் அங்கே நுழைந்து, படைகளுக்கு நடுவால் ஒரு சாண் நடந்து, தனக்கு வசதியான இடத்தில் வெளியே வருகிறது. வெளியே வந்த இடத்தை மட்டும் அடைத்தால் இன்னொரு இடத்தால் வரும்.

ஒழுங்காக ஒட்டுவதென்றால் என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி உப்பை எடுக்கவேண்டும். நாட்கணக்கில் காயவிடவேண்டும், ஈரத்தின்மேல் எதுவும் பிடிக்காது. கருகிய பகுதி முழுவதையும், நல்ல இடம் வரும்வரை, கிறைண்டரால் எடுக்கவேண்டும். விளிம்பைச் செங்குத்தாக விடாமல், சுவரின் தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேண்டும். அசிற்றோனால் துடைக்கவேண்டும். பிறகு துணியைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி ஒட்டவேண்டும். சாதாரண பொலியெஸ்ரர் றெசின் பழைய சுவரில் அவ்வளவாகப் பிடிக்காது. எபொக்சி நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண எபொக்சி அறுபது பாகை அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறவரை அது பிரச்சினையில்லை. தண்ணீர் நின்ற அன்றைக்கு முதலில் கைவிடுவது இந்த ஒட்டுத்தான். அதாவது நல்ல நாட்களிலெல்லாம் தாங்கும். தாங்கவேண்டிய நாளில் தாங்காது. இவ்வளவுக்கும் மேலே, பெட்டி மூடிய பெட்டி. கருகியது உட்பக்கம். வெட்டாமல் அங்கே கை போகாது.

ஒழுகினால் என்ன, கொஞ்சத் தண்ணீர்தானே என்று கேட்கலாம். படகின் அடியில் சேர்கிற தண்ணீரைப் பம்ப் இறைத்துவிடும். ஆனால் தண்ணீர் வருகிற வழியால் புகையும் வரும். புகையோடு காபனோரொட்சைட்டு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்குமேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் அது பெற்றோல் எஞ்சினைவிடக் குறைவு என்பது உண்மை. குறைவு என்பது இல்லை என்பதல்ல, அதுவும் கதவு பூட்டிய ஒரு சிறு அறையில்.

இதையெல்லாம் முதலாளிக்குச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “தம்பிமார், எனக்கு இந்தப் பாடம் எல்லாம் வேண்டாம். வெளியாலை ரண்டு படை போட்டு, வடிவா வெள்ளைப் பெயின்ற் அடிச்சு விடுங்கோ. எவன் குனிஞ்சு கையை விட்டுப் பாக்கப்போறான்?”

குருநகர்க்காரர் சொன்ன பதில் இது: “ஒட்டலாம் அண்ணை. ஆனால் ஒட்டினது எண்டு தெரியவேணும்.”

இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில்தான் நாங்கள் பல இரவுகள், கடை பூட்டி நிலம் கழுவியபின், நின்று விவாதித்தோம்.

முதலாளி கெட்ட மனிதர் அல்ல. அதை முதலில் எழுதவேண்டும். எங்களில் ஒருவருக்கு வேலை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர் அவர். இன்னொருவரின் தங்கையின் கலியாணத்துக்கு முற்பணம் கொடுத்தவர். அவருக்கும் கடன் இருக்கிறது. ஒரு புதிய சைலன்சர், பொருத்தும் செலவோடு, அவருக்குச் சின்னத் தொகை அல்ல. எங்கள் மொழியில் இதற்கு ஒரு பெரிய சொல் உண்டு: செஞ்சோற்றுக்கடன். கர்ணனையும் கும்பகர்ணனையும் நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். தாங்கள் நிற்கிற பக்கம் பிழை என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் நின்றதனால்தான் அவர்களுக்கு மரியாதை. வீடணனின் பெயரோ எம்மவர் வாயில் ஒரு வசை. பழுதைத் தெரிந்தவன் வாய் திறக்கக்கூடாது என்பது எங்களுக்குக் கூத்துக் கொட்டகையிலேயே ஊட்டப்பட்டுவிட்டது.

ஆனால் கும்பகர்ணன் மௌனமாகப் போருக்குப் போகவில்லை. அண்ணனுக்கு முகத்துக்கு முன்னே சொல்லிவிட்டுத்தான் போனான். அந்தப் பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். இன்னொன்று: கும்பகர்ணன் கொடுத்தது தன் உயிரை. கடனை அடைப்பதற்கு அவன் கையில் இருந்த சொந்தப் பொருள் அதுதான். படகை வாங்கப்போகிறவரின் மூச்சு எங்களுக்குச் சொந்தமான பொருள் அல்ல. அதை எடுத்து முதலாளியின் கடனைத் தீர்க்க எங்களுக்கு யார் உரிமை தந்தது?

எங்களில் ஒருவர் இதற்கு ஒப்பவில்லை. அவருடைய வாதத்தை நியாயமாகவே தருகிறோம். “நாங்கள் மறைத்து மறைத்துத்தானே இங்கை வந்தனாங்கள்” என்றார். “பாஸ்போட்டிலை வேறை பேர். விசாரணையிலை சொல்லவேண்டியதைச் சொல்லி, சொல்லக்கூடாததை விட்டு வந்தனாங்கள். எங்கடை கதையிலும் ஒட்டு இருக்கு, பெயின்ற் இருக்கு. இப்ப ஒரு வெள்ளைக்காரன்ரை போட்டுக்கு மட்டும் அரிச்சந்திரனாகிறதோ?”

இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. அகதியாக வந்த எவரும் இதைக் கேட்டு ஒரு நிமிடம் நிலத்தைப் பார்ப்பார். நாங்கள் கண்டுபிடித்த பதில் இது: மறைத்தலை அளப்பதற்கு, மறைத்தவன் எவ்வளவு சொன்னான் என்பதைப் பார்த்தால் போதாது. அந்த மறைப்பின் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். எல்லையில் வேறு பெயர் சொன்னவனின் பொய்யால், அந்த அதிகாரி அன்றிரவு தன் கட்டிலில் மூச்சடைத்துப் போகப்போவதில்லை. பொய்க்கு நடுவில் இருந்த உயிர் சொன்னவனுடைய உயிர்தான். வள்ளுவர் வாய்மையைத் தீமை விளையாத சொல் என்று வரையறுத்ததை நாம் பெரும்பாலும் பொய்க்கு அனுமதிச் சீட்டாகவே வாசித்திருக்கிறோம். அதையே திருப்பி வாசித்தால், தீமை விளைகிற மௌனமும் வாய்மைக்கு வெளியே போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் நூலகத்தில் கிளிஃபோர்டைக் கண்டோம். வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் ஆங்கிலேயர், கணிதக்காரர், முப்பத்து மூன்று வயதில் இறந்துபோனவர். 1870இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் சிசிலிக் கரையில் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். 1877இல் எழுதிய ‘நம்பிக்கையின் அறம்’ என்ற கட்டுரையை ஒரு கப்பல் முதலாளியோடு தொடங்குகிறார். அவனுடைய கப்பல் பழையது, பலமுறை திருத்தப்பட்டது. அதில் ஏறப்போகிறவர்கள் ஊரைவிட்டு வேறு நாடு தேடிப் போகிற குடும்பங்கள். கப்பல் தாங்காது என்று சந்தேகம் அவன் காதில் விழுகிறது. திருத்தினால் செலவு. ஆகவே அவன் தன் மனதைத் தானே தேற்றிக்கொள்கிறான்: எத்தனை புயல் கண்ட கப்பல், இதையும் காணும், நாடு விட்டுப் போகிற இந்த ஏழைகளைக் கடவுள் கைவிடமாட்டார். நடுக்கடலில் கப்பல் தாழ்கிறது. அவன் காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொள்கிறான். கிளிஃபோர்ட் அதோடு நிற்கவில்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார். அகப்படவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

நாடு விட்டுப் போகிற குடும்பங்களின் கப்பல் என்பதனால், நாங்கள் இதை முதலாளியின் இடத்திலிருந்து வாசிக்க முடியவில்லை. கப்பலின் அடித்தட்டிலிருந்தே வாசித்தோம். அப்படி வாசிக்கும்போது வேறொரு மனிதர் கண்ணில் படுகிறார். சந்தேகம் அவன் காதில் விழுந்தது என்றால், யாரோ சொல்லியிருக்கவேண்டும். யார்? கப்பலைத் திருத்திய தச்சர்களில் ஒருவராகத்தான் இருக்கும். உழுத்துப்போன பலகையில் உளியை வைத்துப் பார்த்தவர் அவர். கிளிஃபோர்ட் அவரைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை முதலாளியிடம் சொன்னதோடு அவருடைய கடமை முடிந்துவிட்டதா? கப்பல் புறப்பட்ட நாளில் அவர் துறைமுகத்தில் நின்றாரா? பெட்டிகளோடு ஏறுகிற பெண்களையும் பிள்ளைகளையும் பார்த்தாரா? மெய்யியல் நூல்களில் முதலாளிக்கு மனச்சாட்சி இருக்கிறது. தச்சருக்கு உளி மட்டும்தான் இருக்கிறது.

கட்டுரைக்கு வெளியே இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அது நல்ல பதில் அல்ல. 1996 டிசம்பர் 25 இரவு, மால்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவில், பெரிய கப்பலொன்றிலிருந்து மாற்றி ஏற்றப்பட்ட ஆட்களோடு ஒரு சிறு படகு தாழ்ந்தது. குறைந்தது 283 பேர் இறந்தார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர். தொடர்ந்த நாட்களில் போர்த்தோபாலோ என்ற ஊர் மீனவர்களின் வலைகளில் உடல்கள் வந்தன. பொலிசுக்குச் சொன்னால் விசாரணை, தொழில் நாட்கள் போய்விடும். உடல்களைத் திரும்பக் கடலில் விட்டார்கள். ஊர் முழுவதுக்கும் தெரிந்த விசயம் ஐந்து வருடமாக வெளியே தெரியவில்லை. 2001இல், வலையில் வந்த ஒரு தமிழ் இளைஞனின் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, சல்வத்தோரே லூப்போ என்ற மீனவர் ‘லா ரெபூப்ளிக்கா’ பத்திரிகையாளரிடம் பேசினார். கடலடியில் படகு கண்டுபிடிக்கப்பட்டது. பேசியதற்காக ஊரில் அவருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. அந்த ஊர் மீனவர்களை அரக்கர்களாக நினைப்பது எமக்கு எளிது. அவர்களும் கூலிக்கும் கடனுக்கும் நடுவில் நின்றவர்கள்தான், எங்களைப் போல.

‘காட்டிக்கொடுத்தல்’ என்ற சொல்லைப் பற்றியும் எழுதியாகவேண்டும், ஏனெனில் ஒப்பாத நண்பர் அதைத்தான் பாவித்தார். எங்கள் தலைமுறைக்கும் எங்களுக்கு முந்திய தலைமுறைக்கும் அது சாதாரணச் சொல் அல்ல. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு இராணுவத்தின் முன் தலையசைத்த ‘தலையாட்டி’யின் உருவம் அதற்குப் பின்னால் நிற்கிறது. அந்தப் பயத்தில், தெரிந்ததைச் சொல்வது எல்லாமே துரோகம் என்றொரு பழக்கம் எங்களுக்குள் ஊறிவிட்டது. அது பிழையான பழக்கம் என்பது எங்கள் கருத்து. தலையாட்டி ஒரு மனிதனை அதிகாரத்துக்குக் காட்டினான். அதுவும் முகத்தை மூடிக்கொண்டு. ஒரு பழுதை, அதனால் சாகக்கூடியவனுக்கு, முகத்தைத் திறந்துகொண்டு காட்டுவது வேறு திசையில் போகிற பேச்சு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது மொழியின் குற்றமல்ல, பயத்தின் குற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். இந்நாட்டில் பழைய படகுகளை ‘ஸொம் டென் ஆர்’, அதாவது இருக்கிறபடி, என்று எழுதி விற்பார்கள். அப்படி எழுதினால் எல்லாப் பொறுப்பும் கழுவப்பட்டுவிடும் என்று முதலாளி நம்பினார். 1988ஆம் ஆண்டின் விற்பனைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விற்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டிய முக்கியமான குறையை, வாங்குபவர் தனக்குச் சொல்லப்படும் என்று எதிர்பார்ப்பது நியாயமாயிருக்க, சொல்லாமல் விட்டால் பொறுப்பு விற்றவருடையதே. ஆனால் சட்டம் விற்பவரைப் பற்றித்தான் பேசுகிறது. தச்சரைத் தேடி நாங்கள் அங்கேயும் போனோம். அவர் அங்கேயும் இல்லை.

ஒட்டிக் கொடுத்தோம். வெளியால் செய்யக்கூடிய அளவு சுத்தமாகச் செய்தோம். பெயின்ற் அடிக்கவில்லை. ஒட்டின்மேல் மாதத்தையும் வருடத்தையும், நோர்வேஜிய மொழியில் ‘தற்காலிகம்’ என்ற சொல்லையும் அழியாத மையால் எழுதினோம். வாங்குபவருக்கு நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் சொல்வோம் என்று முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது பெட்டி வெள்ளையாக இருந்தது.

வாங்க வந்தவர் மனைவியோடும் ஒரு சிறு பெண்பிள்ளையோடும் வந்தார். பிள்ளை உள்ளே போய்ப் படுக்கையில் நீட்டி நிமிர்ந்து படுத்துத் தன் உயரம் காணுமா என்று பார்த்தது. அந்தப் படுக்கைக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒட்டுப்பலகை. எங்களுடைய அரைகுறை நோர்வேஜிய மொழியில் மூன்று வசனம் சொன்னோம்: சைலன்சர் உள்ளே எரிந்திருக்கிறது, நாங்கள் ஒட்டியது வெளிப்பக்கம் மட்டும், புதியது போடாமல் இதற்குள் படுக்கவேண்டாம். சொன்னது எங்களில் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. முதலாளி துறையில் ஐந்தடி தூரத்தில் நின்றார்.

வந்தவர் படகை விடவில்லை. புதிய சைலன்சரின் விலையைக் கழித்துக்கொண்டு வாங்கினார். எங்களுக்கு இரண்டு மாதம் வெள்ளியும் சனியும் வேலை இல்லாமல் போனது. றெஸ்ரோரன்டில் அந்த இரண்டு நாளும்தான் உழைப்பு. முதலாளியின் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு எங்களைத் தவிர எல்லோருக்கும் அழைப்புப் போனது. இப்போது மறுபடி பேசுகிறார், வேலையைப் பற்றி மட்டும்.

புதிய பெட்டியைப் பூட்டிக் கொடுக்க வாங்கியவர் குருநகர்க்காரரையே கூப்பிட்டார். கழற்றிய பழையதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாளால் நடுவே அரிந்து குசினி மேசையில் வைத்தார். உட்சுவர் அடுப்புக்கரிபோல் இருந்தது. கண்ணாடித் துணி படை படையாகப் பிரிந்து, தொட்டால் கையோடு வந்தது. குழாய் சேருமிடத்தில் எங்களுடைய ஒட்டு மட்டும்தான் தடிப்பாக நின்றது.

ஒப்பாத நண்பர் அதைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“ஒரு கோடைக்குத் தாங்கியிருக்கும்” என்றார்.

குருநகர்க்காரர் மேசையைத் துடைத்துவிட்டு, “தாங்கியிருக்கும்” என்றார்.